ஸ்டீவன் ஹாப்கின்ஸின் பூர்வீகம்

ஸ்டீவன் ஹாப்கின்ஸ் (1581 – 1644) என்பவர் 1620 ஆம் ஆண்டில் மேபிளவர் என்னும் கப்பலில் வட அமெரிக்காவுக்குச் சென்று, இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அமைந்திருந்த பிளிமத் குடியேற்றத்தில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடியேற்றக்காரர் ஆவார். இவர் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று நீண்ட காலமாக நம்பப்பட்டு வந்தது. 1998 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இக்கருத்து தவறானது என்பதைக் காட்டியது. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஹர்ஸ்லி என்னும் சிற்றூரின் தேவாலயப் பதிவேடுகளில் இவருடைய குடும்பம் அடையாளம் காணப்பட்டது. தொடர்ந்து 2004 ஆம் ஆண்டிலும் 2012 ஆம் ஆண்டிலும் வெளியான ஆய்வுகள் இவருடைய பெற்றோர் குறித்தும், முதல் மனைவியின் குடும்பம் குறித்தும் கூடுதல் செய்திகளைத் தந்தன.

தொடக்ககாலக் குடியேற்றக்காரர் ஒருவரின் முன்னோரை எவ்வகைச் சான்றுகளைக் கொண்டு கண்டறிகிறார்கள், பெயர் ஒற்றுமை மட்டும் ஏன் போதிய சான்று ஆவதில்லை என்பவற்றை விளக்குவதற்கு இவருடைய பூர்வீகம் பற்றிய ஆய்வு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஹாப்கின்ஸ் அமெரிக்காவுக்கு இருமுறை பயணம் செய்தவர். முதல் முறை 1609 ஆம் ஆண்டில், வர்ஜீனியாவில் இருந்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக்கு உதவி கொண்டு சென்ற சீ வெஞ்சர் என்னும் கப்பலில் புறப்பட்டார். கப்பலில் இருந்த ரிச்சர்ட் பக் என்னும் மதகுருவுக்கு உதவியாளராக இருந்து, வழிபாட்டின்போது திருப்பாடல்களை வாசிப்பது இவரது பணியாக இருந்தது. கடும் புயலில் சிக்கிய அக்கப்பல் 1609 ஜூலை 28 அன்று மனிதர் வாழாத பெர்முடா தீவுகளின் பாறைகளில் மோதி நின்றது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 150 பேரும் உயிர் தப்பிக் கரை சேர்ந்தனர். அங்கே கிடைத்த மரங்களையும், சிதைந்த கப்பலின் பாகங்களையும் கொண்டு இரண்டு சிறிய கப்பல்களைக் கட்டி, 1610 மே மாதத்தில் அவர்கள் ஜேம்ஸ்டவுனை அடைந்தனர்.

சில ஆண்டுகளின் பின்னர் இங்கிலாந்து திரும்பிய ஹாப்கின்ஸ், லண்டன் நகரின் கிழக்குப் புறத்தில் வாழ்ந்தார். 1620 ஆம் ஆண்டில் மனைவி, பிள்ளைகள், பணியாட்கள் இருவர் ஆகியோருடன் மேபிளவரில் புறப்பட்டார். இக்கப்பலில் சென்றவர்களுள் ஒரு பகுதியினர் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் வாழ்ந்துவந்த ஆங்கிலேயப் பிரிவினைவாதக் கிறித்தவர்கள். ஹாப்கின்ஸ் அப்பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். பயணத்தின்போது நடுக்கடலில் இவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கடலில் பிறந்ததால் அதற்கு ஓசியானஸ் என்று பெயரிடப்பட்டது.

பிளிமத்தில் முதற்குளிர்காலம் முடிவதற்குள் கப்பலில் வந்த 102 பயணிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். ஹாப்கின்ஸ் குடும்பத்தில் அப்போது எவரும் இறக்கவில்லை. 1621 மார்ச் மாதத்தில் சமோசெட் என்னும் தொல்குடி மனிதர் முதன்முதலாகக் குடியேற்றத்துக்கு வந்தபோது, ஹாப்கின்ஸ் வீட்டிலேயே இரவு தங்க வைக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலை மாதத்தில் வாம்பனோக் மக்களின் தலைவரான மாசசோயிட்டைச் சந்திக்க அனுப்பப்பட்ட இருவருள் ஹாப்கின்ஸ் ஒருவர். மற்றவர் எட்வர்ட் வின்ஸ்லோ. பின்னர் குடியேற்றத்தின் ஆளுநருக்கு உதவும் அவையிலும் இவர் பணியாற்றினார். 1630களின் பிற்பகுதியில், மதுவை அளவுக்கு மிஞ்சிய விலைக்கு விற்றமை முதலிய குற்றங்களுக்காகப் பிளிமத் நீதிமன்றம் இவருக்குத் தண்டம் விதித்தது. 1644 ஜூன் 6 அன்று உயில் எழுதி வைத்த இவர், சில வாரங்களுக்குள் காலமானார்.

இங்கிலாந்தின் ஆவண மூலங்கள்

மேபிளவர் கப்பலின் பயணிகள் பட்டியல் எதுவும் கப்பல் ஆவணமாக எஞ்சவில்லை. குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்போர்ட் 1650 ஆம் ஆண்டளவில் தம் வரலாற்றுக் கையெழுத்துப் படியில் எழுதி வைத்த பட்டியலே பயணிகளைப் பற்றிய முதன்மை ஆதாரம் ஆகும். இப்பட்டியல் குடும்பங்களின் அமைப்பைச் சொல்கிறது. ஆனால் அவர்கள் இங்கிலாந்தில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே, குடியேற்றக்காரரின் சொந்த ஊரை இங்கிலாந்தில் உள்ள ஆவணங்களைக் கொண்டே தேட வேண்டியுள்ளது. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- தேவாலயப் பதிவேடுகள்: 1538 ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கும் (தேவாலய வட்டாரம்) திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். திருமுழுக்கு என்பது ஞானஸ்நானம் என்றும் அழைக்கப்படுகிறது. பிறந்த நாளைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லாமையால், திருமுழுக்கு நாளே ஒருவரது வயதை அறிய உதவுகிறது.
- ஆயர்களுக்கு அனுப்பப்பட்ட படிகள்: 1598 ஆம் ஆண்டு முதல் பதிவேட்டின் படி ஒன்றை ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பும் முறை ஏற்பட்டது. மூலப் பதிவேடு அழிந்த இடங்களில் இப்படிகள் கைகொடுக்கின்றன.
- உயில்களும் சொத்து ஆவணங்களும்: 1858 ஆம் ஆண்டு வரை உயில்களை ஏற்பதும், உயில் இல்லாது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிப்பதும் திருச்சபை நீதிமன்றங்களின் பொறுப்பில் இருந்தன. இறந்தவரின் பிள்ளைகளது பெயர்கள் இவ்வாவணங்களில் இடம்பெறுவது உண்டு.
- பண்ணை நீதிமன்ற ஆவணங்கள்: நிலப்பிரபுவின் நிலத்தில் குடியிருந்தோர், குத்தகை, வாரிசு மாற்றம் முதலியவை இவற்றில் பதியப்பட்டன.

இவ்வாவணங்களைப் பயன்படுத்துவதில் சில இடர்ப்பாடுகள் உள்ளன. ஒரே பெயர் ஒரே பக்கத்திலேயே வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். அக்காலக் கையெழுத்து இன்றைய வாசகர்களால் எளிதில் படிக்க இயலாதது. மேலும், 1752 ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றே தொடங்கியது. இதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான நாட்கள் பழைய ஆவணங்களில் முந்திய ஆண்டின் கீழ் இருக்கும். குழப்பத்தைத் தவிர்க்க, மரபுவழி ஆய்வாளர்கள் இத்தகைய நாட்களை "1603/4" என்பது போல இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் குறிப்பிடுவர்.

பழைய கருத்து

ஹாப்கின்ஸ் என்னும் குடும்பப் பெயர், ராபர்ட் என்னும் பெயரின் செல்லப் பெயர்களுள் ஒன்றிலிருந்து தோன்றியது. ராபர்ட் என்பது இங்கிலாந்து முழுவதும் வழங்கிய பெயர் ஆதலால், ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத பல குடும்பங்கள் ஹாப்கின்ஸ் என்று அழைக்கப்பட்டன. ஸ்டீவன் என்பதும் அரிய பெயர் அன்று. எனவே, இந்தப் பெயருடைய ஒருவரை ஏதோவொரு மாவட்டத்தில் கண்டெடுப்பது கடினமான செயல் அல்ல.

குளொஸ்டர்ஷயரில் உள்ள வோட்டன் அண்டர் எட்ஜ் என்னும் ஊரில் துணித்தொழில் செய்த ஸ்டீவன் ஹாப்கின்ஸ் என்பவரின் மகனே மேபிளவர் பயணி என்னும் கருத்து இவ்வாறே பரவியது. பல குடும்ப வரலாறுகள் இதை மீண்டும் மீண்டும் எடுத்தெழுதின. அமெரிக்காவுக்குச் சென்றவர் இவர்தாம் என்பதைக் காட்டும் ஆவணம் எதுவும் முன்வைக்கப்படவில்லை.

பயணியின் முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்பவர் என்னும் செய்தியும் இதைப் போன்றதே. எலிசபெத் அரசியின் காலத்தில் டட்லி என்பது லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியின் பெயரால் புகழ்பெற்றிருந்த உயர்குடிப் பெயர் ஆகும். ஹாப்கின்ஸின் மனைவி அப்பெயரைக் கொண்டிருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. இவ்விரு கருத்துகளும் பிழையென அறியப்பட்ட பின்னரும் பல வம்சாவளி அட்டவணைகளில் தொடர்ந்து காணப்படுகின்றன.

இத்தகைய பிழைகளுக்கு ஒரு சமூகப் பின்னணியும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொடக்ககாலக் குடியேற்றக்காரரின் வழிவந்தவர் என்பது அமெரிக்காவில் பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. மேபிளவர் வழித்தோன்றல்களின் பொதுச் சங்கம் 1897 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆங்கிலேய உயர்குடிகளோடு தம்மைத் தொடர்புபடுத்திக்கொள்ள விரும்பிய செல்வர்கள் இருந்தனர். அவர்களுக்காகப் போலி வம்சாவளிகளைப் புனைந்து விற்றவர்களும் இருந்தனர். இவ்வாறு புனைந்தவர்களுள் குஸ்டாவ் அன்ஜூ (1863 – 1942) பெயர்பெற்றவர். ஹாப்கின்ஸ் பற்றிய பழைய கருத்து இவ்வகையான மோசடி என்று கூறுவதற்கில்லை. எனினும், ஆவணத்தைக் காட்டிலும் விருப்பம் முன்னே நின்றால் வம்சாவளி எவ்வாறு பிழைபடும் என்பதற்கு அது சான்றாகிறது.

ஹர்ஸ்லி பதிவேடுகள்

மேபிளவர் வரலாற்று ஆய்வாளரான கேலப் ஜான்சன், ஹாப்கின்ஸின் உண்மையான பூர்வீகம் குறித்த தமது கட்டுரையை 1998 ஜூலை மாதத்தில் "தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்" என்னும் மரபுவழியியல் இதழில் வெளியிட்டார். ஹாம்ப்ஷயரின் வின்செஸ்டர் நகருக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹர்ஸ்லி என்னும் ஊரின் பதிவேடுகள் இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைந்தன. இவ்வூர் வோட்டன் அண்டர் எட்ஜிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

ஹர்ஸ்லி பதிவேட்டில் ஸ்டீவன் ஹாப்கின்ஸின் பிள்ளைகள் மூவரின் திருமுழுக்குகள் உள்ளன:

- எலிசபெத் – 1603/4 மார்ச் 13
- கான்ஸ்டன்ஸ் – 1606 மே 11
- ஜைல்ஸ் – 1607/8 ஜனவரி 30

இவர்களின் தாய் மேரி. அவர் 1613 மே 9 அன்று அதே ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது சொத்தை நிர்வகிப்பதற்கான ஆவணம் மே 12 என்னும் நாளைக் கொண்டது. எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் ஆகிய மூன்று பிள்ளைகளையும் இச்சொத்து ஆவணங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அப்போது அவர்களின் வயது முறையே 9, 7, 5.

சான்றுகளின் பொருத்தம்

ஹர்ஸ்லியில் வாழ்ந்தவரும் பிளிமத்தில் வாழ்ந்தவரும் ஒருவரே என்பதைத் தனியொரு ஆவணம் நேரடியாகச் சொல்லவில்லை. தனித்தனியே எழுதப்பட்ட பல ஆவணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் கொண்டே இம்முடிவு எட்டப்படுகிறது.

முதலாவது, பிராட்போர்டின் பட்டியல். ஹாப்கின்ஸுடன் வந்த ஜைல்ஸும் கான்ஸ்டன்ஸும் முந்திய மனைவிக்குப் பிறந்தவர்கள் என்றும், டமாரிஸும் ஓசியானஸும் உடன்வந்த மனைவியான எலிசபெத்துக்குப் பிறந்தவர்கள் என்றும் பிராட்போர்ட் பிரித்து எழுதியுள்ளார். ஸ்டீவன் என்னும் தந்தைக்குக் கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் என்னும் பெயர்களில் மகளும் மகனும் ஒருங்கே அமைந்த ஹாப்கின்ஸ் குடும்பம் ஹர்ஸ்லியில் காணப்படுகிறது. ஜான், மேரி போன்று எங்கும் வழங்கிய பெயர்களாக இருந்திருந்தால் இப்பொருத்தம் அவ்வளவு வலுவுடையதாக இராது.

இரண்டாவது, கால வரிசை. மேரி 1613 இல் இறந்தார். ஸ்டீவன் ஹாப்கின்ஸ் 1617/18 பிப்ரவரி 19 அன்று லண்டனின் கிழக்குப் புறமான வைட்சாப்பலில் உள்ள புனித மேரி மாட்பெலன் தேவாலயத்தில் எலிசபெத் பிஷர் என்பவரை மணந்தார். பிராட்போர்ட் குறிப்பிடும் "முந்திய மனைவி", உடன்வந்த எலிசபெத் என்னும் இருவருக்கும் இக்கால வரிசை இடையூறின்றி இடமளிக்கிறது.

மூன்றாவது, ஹாப்கின்ஸின் உயில். 1644 ஆம் ஆண்டு உயிலில் ஜைல்ஸுக்கு ஒரு பெரிய காளையும், நிக்கலஸ் ஸ்நோவின் மனைவியான மகள் கான்ஸ்டன்ஸுக்கு ஒரு பெண் குதிரையும் தரப்பட்டுள்ளன. ஹர்ஸ்லியின் மூத்த மகள் எலிசபெத் மேபிளவரில் வரவில்லை. பிளிமத்தில் பின்னர் பிறந்த மற்றொரு மகளுக்கு எலிசபெத் என்று பெயரிடப்பட்டது. இதனால் மூத்தவர் அதற்கு முன்னரே இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பெர்முடாவில் இருந்தவர் யார்?

சீ வெஞ்சர் கப்பலில் இருந்த ஸ்டீவன் ஹாப்கின்ஸும் மேபிளவரில் வந்தவரும் ஒருவரே என்பது முன்பு ஓர் ஊகமாகவே இருந்தது. ஹர்ஸ்லி ஆவணங்கள் இவ்வூகத்தை வலுப்படுத்தின.

பெர்முடாவில் நடந்தவற்றை அக்கப்பலில் பயணம் செய்த வில்லியம் ஸ்டிரேச்சி எழுதி வைத்துள்ளார். 1610 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட இவ்வறிக்கை 1625 ஆம் ஆண்டில் அச்சானது. ஆளுநர் சர் தாமஸ் கேட்ஸ் அனைவரையும் வர்ஜீனியாவுக்கு அழைத்துச் செல்லும் பொருட்டுக் கப்பல் கட்டச் செய்தபோது, ஹாப்கின்ஸ் அதற்கு எதிராகப் பேசினார். ஆளுநரின் அதிகாரம் கப்பல் சிதைந்தவுடனேயே முடிந்துவிட்டது. இனி ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நடக்கலாம். உணவு நிறைந்த இத்தீவிலேயே தங்கிவிடுவதும் தவறன்று என்பது அவரது வாதம். 1610 ஜனவரியில் அவர் கைது செய்யப்பட்டு, கலகம் செய்த குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டார். ஹாப்கின்ஸ் கண்ணீருடன் மன்னிப்பு வேண்டியதாகவும், தாம் இறந்தால் தம் மனைவியும் பிள்ளைகளும் அழிந்துபோவர் என்று மன்றாடியதாகவும் ஸ்டிரேச்சி எழுதுகிறார். பலரும் பரிந்து பேசியதால் அவர் மன்னிக்கப்பட்டார்.

ஸ்டிரேச்சியின் அறிக்கை அந்த மனைவியின் பெயரையோ பிள்ளைகளின் பெயர்களையோ தரவில்லை. ஹாப்கின்ஸ் மன்றாடிய காலத்தில் ஹர்ஸ்லியில் மேரியும், ஏழு வயதுக்கும் குறைந்த மூன்று குழந்தைகளும் இருந்தனர் என்பதைப் பதிவேடு காட்டுகிறது. ஜைல்ஸின் திருமுழுக்குக்குப் பின்னர் இத்தம்பதியரின் வேறு குழந்தை எதுவும் அங்கே பதியப்படவில்லை. கணவர் 1609 இல் கடல் கடந்து சென்றார் என்பதோடு இது பொருந்துகிறது. மேரி இறந்தபோது பிள்ளைகளின் உரிமையைப் பாதுகாக்கச் சொத்து ஆவணம் தேவைப்பட்ட நிலையும் அக்குடும்பத்தின் நெருக்கடியைப் புலப்படுத்துகிறது.

பிளிமத்தில் நடந்த நிகழ்ச்சிகளும் இதே முடிவுக்குத் துணை செய்கின்றன. 1620 நவம்பரில் கேப் காட் பகுதியை ஆராயச் சென்ற குழுவினர், வளைத்துக் கட்டப்பட்ட இளமரம் ஒன்றைக் கண்டனர். அது மான் பிடிப்பதற்கான கண்ணி என்பதை அவர்களுக்கு விளக்கியவர் ஹாப்கின்ஸ். வட அமெரிக்கத் தொல்குடிகளின் வேட்டை முறையை அறிந்திருந்தவர், முன்னரே அந்நிலத்தில் வாழ்ந்தவராக இருக்க வேண்டும். தொல்குடித் தலைவர்களிடம் தூது செல்லவும், வந்தவர்களை வீட்டில் தங்க வைக்கவும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் இதுவே காரணமாகலாம்.

மேபிளவர் உடன்படிக்கை பற்றிய வரலாற்றுக்கும் இது பயன்படுகிறது. கப்பல் வர்ஜீனியாவின் எல்லைக்கு வெளியே கரை சேர்ந்ததால், தங்களை ஆள எவருக்கும் அதிகாரம் இல்லை என்று பயணிகளுள் சிலர் முணுமுணுத்ததாக பிராட்போர்ட் கூறுகிறார். அதைத் தொடர்ந்தே 1620 நவம்பர் 11 அன்று 41 ஆண்கள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஹாப்கின்ஸ் அவர்களுள் ஒருவர். முணுமுணுத்தவர்களின் பெயர்களை பிராட்போர்ட் குறிப்பிடவில்லை. ஆயினும், பெர்முடாவில் எழுந்த அதே வாதம் இங்கும் எழுந்தது என்பதை வரலாற்றாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

சீ வெஞ்சரின் கதை ஷேக்ஸ்பியரின் "தி டெம்பெஸ்ட்" நாடகத்துக்கு ஒரு தூண்டுதலாக இருந்தது என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர். அந்நாடகத்தில் வரும் ஸ்டெபானோ என்னும் பாத்திரம் ஹாப்கின்ஸை மனத்திற்கொண்டு படைக்கப்பட்டது என்பது வெறும் ஊகமே ஆகும்.

பெற்றோர்

ஹர்ஸ்லியில் பிள்ளைகளின் திருமுழுக்கு உள்ளதே தவிர, ஸ்டீவனின் திருமுழுக்கு அங்கு இல்லை. எனவே ஆய்வாளர்கள் சுற்றியுள்ள பங்குகளின் பதிவேடுகளைத் தேடினர். 2004 ஆம் ஆண்டில் எர்னஸ்ட் கிறிஸ்டென்சன் அதே இதழில் எழுதிய கட்டுரையில், ஹாம்ப்ஷயரின் ஆண்டோவர் நகருக்கு அருகில் உள்ள அப்பர் கிளாட்ஃபர்ட் என்னும் ஊரை அடையாளம் காட்டினார். அவ்வூரில் 1581 ஏப்ரல் 30 அன்று, ஜான் ஹாப்கின்ஸின் மகனான ஸ்டீவனுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டுள்ளது. தாயின் பெயர் எலிசபெத் வில்லியம்ஸ்.

இக்குடும்பம் பின்னர் வின்செஸ்டருக்கு இடம்பெயர்ந்தது. ஜான் ஹாப்கின்ஸ் 1593 ஆம் ஆண்டளவில் அங்கு இறந்தார். அப்போது ஸ்டீவனுக்கு வயது 12. வின்செஸ்டரிலிருந்து ஹர்ஸ்லி நடந்து செல்லும் தொலைவிலேயே இருப்பதும், 1604 இல் முதல் மகள் பிறந்தபோது ஸ்டீவனின் வயது 22 ஆக இருந்திருக்கும் என்பதும் இவ்வடையாளத்துக்கு ஏற்றவையாக உள்ளன. ஆயினும், ஹர்ஸ்லி பற்றிய சான்றைப் போல இது அத்துணை உறுதியானது அன்று. கட்டுரையின் தலைப்பே இவர்களை "சாத்தியமான" பெற்றோர் என்றே குறிப்பிடுகிறது. வம்சாவளி ஆய்வில் "நிறுவப்பட்டது", "பெரிதும் பொருந்துவது", "ஊகம்" என்னும் மூன்றையும் தனித்தனியே வைத்தல் அடிப்படையான நெறி ஆகும்.

முதல் மனைவியின் குடும்பம்

ஆவணக் காப்பக ஆய்வாளரான சைமன் நீல், ஹாப்கின்ஸின் இரு மனைவியரின் பூர்வீகம் பற்றிய ஆய்வை 2012 ஆம் ஆண்டில் "மேபிளவர் டிசென்டன்ட்" இதழில் வெளியிட்டார். இவ்வாய்வைத் தொடர்ந்து, மேரி ஹர்ஸ்லியைச் சேர்ந்த ராபர்ட் கென்ட், ஜோன் இணையரின் மகளாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இது சரியாயின், ஸ்டீவன் கடல் கடந்து சென்ற காலத்தில் மேரியும் குழந்தைகளும் அந்நியர் நடுவே கைவிடப்பட்டிருக்கவில்லை. தாய்வீட்டு உறவினர் வாழ்ந்த ஊரிலேயே இருந்தனர் என்றாகும்.

பெயர் ஒற்றுமையால் எழும் குழப்பம்

1776 ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் ரோட் தீவின் சார்பில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரது பெயரும் ஸ்டீவன் ஹாப்கின்ஸ் (1707 – 1785) ஆகும். இவர் மேபிளவர் பயணியின் வழிவந்தவர் என்று சிலர் எண்ணுவதுண்டு. இவருடைய தந்தைவழி முன்னோர், பிராவிடன்ஸ் நகரின் தொடக்ககாலக் குடியேற்றக்காரரான தாமஸ் ஹாப்கின்ஸ் என்பவர். பெயரும் நிலப்பகுதியும் நெருங்கியிருந்தும் குடும்பங்கள் வேறாக இருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. குளொஸ்டர்ஷயர் பற்றிய பழைய கருத்தில் நேர்ந்த பிழையும் இவ்வகையானதே.

வழித்தோன்றல்கள்

பிராட்போர்ட் தமது பட்டியலை எழுதிய காலத்தில் கான்ஸ்டன்ஸுக்கு 12 பிள்ளைகளும் ஜைல்ஸுக்கு 4 பிள்ளைகளும் இருந்தனர். ஹர்ஸ்லியில் தாயை இழந்த இவ்விருவரும் பின்னர் கேப் காட் நிலப்பகுதியில் உள்ள ஈஸ்டம் என்னும் ஊரில் வாழ்ந்து அங்கேயே காலமானார்கள். கடலில் பிறந்த ஓசியானஸ் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். மேபிளவரில் வந்த டமாரிஸும் இளமையில் இறந்ததால், பிளிமத்தில் பிறந்த மற்றொரு மகளுக்கு அப்பெயரே மீண்டும் இடப்பட்டது. கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ், இரண்டாம் டமாரிஸ், டெபோரா ஆகிய நால்வர் வழியாக ஹாப்கின்ஸின் சந்ததி தொடர்கிறது.

மேபிளவர் வழித்தோன்றல்களின் பொதுச் சங்கம் வெளியிட்டுவரும் ஐந்து தலைமுறை வம்சாவளி நூல் வரிசையில் ஆறாவது தொகுதி ஹாப்கின்ஸ் குடும்பத்துக்கு உரியது. ஜான் ஆஸ்டின் தொகுத்த இத்தொகுதி 1992 ஆம் ஆண்டில், அதாவது ஹர்ஸ்லி ஆய்வுக்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, முதன்முதலாக வெளிவந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த தலைமுறைகளைப் பற்றிய அதன் வரிசைகள் உயில்களையும் நகரப் பதிவுகளையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆகையால், இங்கிலாந்துப் பூர்வீகம் திருத்தப்பட்டபோதும் அவ்வரிசைகள் பாதிக்கப்படவில்லை.